மில்லிவோல்ட் பார்த்துப் பொறுக்கி எடுக்க விடுகிற கடை

கீழக்கரை பஸ் ஸ்டாண்டில் இறங்கிக் கடல் பக்கமாகப் போகிற தெருக்களில் ஒன்றில் இருக்கிறது இந்தக் கடை. பெயரைப் போடவில்லை. கையில் இருக்கிற ரிப்பேரே முடியாமல் கிடக்கிறது, விளம்பரம் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். "எக்கோ சவுண்டர் பார்க்கிற ரேடியோ கடை" (படகில் கடலின் ஆழம் பார்க்கும் கருவி அது) என்று கேட்டால் யாரும் கைகாட்டுவார்கள். ஊர்க்காரர்கள் அவரைக் காக்கா (அண்ணன்) என்பார்கள், நான் பாம்பன்காரி, பாய் என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். இரண்டு வருஷமாக மாசத்துக்கு ஒரு தடவையாவது போய் வருகிறேன். வாங்கியதெல்லாம் ஒரே வேலைக்குத்தான். கம்ப்யூட்டர் இல்லாமல், புரோகிராம் இல்லாமல், டிரான்சிஸ்டரையும், சிக்னலைப் பெருக்குகிற ஆப்-ஆம்ப் சிப்பையும் மட்டும் வைத்து நிகழ்தகவு பார்த்துச் சொல்கிற ஒரு நியூரல் நெட்வொர்க்கைக் கட்டுவது.

எதற்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மா தெற்குவாடியில் ஏலத்தில் மீன் எடுத்து விற்கிறவர். சில வருஷத்துக்கு முன்னால் வந்த காய்ச்சலுக்குப் பிறகு அவருக்கு வாசனை சரியாகத் தெரிவதில்லை. செவுளைப் புரட்டிப் பார்த்தும் கண்ணைப் பார்த்தும் சமாளிக்கிறார், ஆனால் ஐஸ் பெட்டியைத் திறந்ததும் மூக்கிலேயே தெரிந்துவிடுகிற விஷயம் போய்விட்டது. மீன் கெடும்போது பாக்டீரியா அதிலிருந்து டிரைமீத்தைல் அமீன், அம்மோனியா மாதிரியான வாயுக்களைக் கிளப்பிவிடும், நாம் நாற்றம் என்று சொல்வதில் பெரும்பங்கு அதுதான். எம்.க்யூ. 135 என்கிற மலிவான வாயு சென்சார் அதற்கு அசையும். சிக்கல் என்னவென்றால் அது ஈரக் காற்றுக்கும் அசையும், நம் கடற்கரையில் ஈரம் இல்லாத காற்று எங்கே இருக்கிறது? அதனால் வாயுவையும் ஈரத்தையும் சேர்த்துப் பார்த்து, இது நல்ல பெட்டி மாதிரி இருக்கிறது, இது நாட்பட்ட பெட்டி மாதிரி இருக்கிறது, இது நான் பார்த்தே இராத மாதிரி இருக்கிறது என்று மூன்றில் ஒன்றைச் சொல்லும் கருவி வேண்டியிருந்தது. மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். தெரியாததைத் தெரியும் என்று சொல்லும் கருவியை அம்மா கையில் கொடுக்க எனக்கு மனசு வராது.

இந்த வேலைக்கென்றே பொருத்தமான முறையை 1990-இல் டொனால்ட் ஸ்பெக்ட் எழுதி வைத்திருக்கிறார். புள்ளிகளை வைத்து அடர்த்தியைக் கணிக்க 1962-இல் இமானுவேல் பார்சன் சொன்ன வழிதான் அதன் அடிப்படை. பார்த்த ஒவ்வொரு மாதிரியையும் அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொன்றைச் சுற்றியும் ஒரு மணி வடிவ வளைவைக் கவிழ்க்க வேண்டும். புதிதாக வந்தது எந்தக் கூட்டத்தின் வளைவுகளுக்கு அடியில் அதிகம் விழுகிறது என்று கூட்டிப் பார்க்க வேண்டும். மற்ற நெட்வொர்க் மாதிரி ஆயிரம் தடவை சுற்றிச் சுற்றிப் படிக்க வைக்கும் வேலை கிடையாது, ஒருமுறை பதிந்தால் போதும். எல்லா வளைவுக்கும் வெளியே விழுந்தால் இரண்டு கூட்டுத்தொகையும் சிறுத்துப்போகும், அதுதான் 'தெரியவில்லை'.

இதை மின்சுற்றாகச் செய்யும்போது ஒரு அழகு இருக்கிறது. கூட்டலுக்கு ஒரு பாகமும் வாங்கவேண்டாம், நான்கு கரண்டை ஒரே கம்பியில் சேர்த்தால் அது கூட்டித்தான் ஓடும். மணி வடிவத்துக்கு நான் எடுத்தது எல்.எம். 13700. அதற்குள் இரண்டு டிரான்ஸ்கண்டக்டன்ஸ் ஆம்ப் இருக்கிறது, ஒவ்வொன்றும் உள்ளே வரும் வோல்டேஜ் வித்தியாசத்துக்கு எஸ் எழுத்து மாதிரி வளைந்து கரண்ட் கொடுக்கும். இரண்டையும் கொஞ்சம் தள்ளித் தள்ளி வைத்து ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் நடுவில் ஒரு மேடு கிடைக்கும். அந்த மேடுதான் ஒரு மாதிரியின் ஒரு பக்கம். வாயுவுக்கு ஒரு சிப், ஈரத்துக்கு ஒரு சிப். முதல் சிப் கொடுக்கும் கரண்டையே இரண்டாவது சிப்புக்கு பயாஸ் கரண்டாக (சிப் எவ்வளவு கரண்ட் கொடுக்கலாம் என்று தீர்மானிக்கிற கரண்ட்) ஊட்டினால் இரண்டு மேடும் தானாகப் பெருக்கிக்கொள்ளும். நல்லதில் நான்கு மாதிரி, கெட்டதில் நான்கு மாதிரி, ஆக மொத்தம் 16 சிப். மணியின் ஓரங்கள் பாடப்புத்தகத்து காஸ் வளைவு மாதிரியே இறங்காது, கொஞ்சம் மெதுவாக இறங்கும். பார்சன் முறைக்கு அது பெரிய குறை இல்லை.

சரி, கடைக்கு வருகிறேன். காகிதத்தில் இவ்வளவு சுலபமாக இருப்பது பலகையில் ஏறும்போது ஏன் படுத்துகிறது என்றால், ஒவ்வொரு சிப்பிலும் இருக்கிற இரண்டு பாதிக்கும் ஒரே அளவு பயாஸ் கரண்ட் போகவேண்டும். போகாவிட்டால் மேட்டுக்கு வெகு தூரத்தில், பூஜ்யமாக இருக்கவேண்டிய இடத்தில், கழித்தது போக மிச்சம் ஒன்று நின்றுவிடும். அந்த மிச்சம் நான்கு மாதிரியிலும் சேர்ந்தால் விடையைக் காட்டுகிற மீட்டர் முள் கீழே இறங்காது. கருவி 'தெரியவில்லை' என்று சொல்லவே சொல்லாது. நான் முதலில் கட்டிய பலகைக்கு இதுதான் ஆனது. இரண்டு நாள் ராத்திரி முழுக்க உட்கார்ந்து சால்டரிங் தப்பு என்று தேடினேன். தப்பு சால்டரில் இல்லை, ஒரே அளவு கரண்டை இரண்டு பாதிக்கும் நகலெடுத்துக் கொடுக்கிற கரண்ட் மிரரில் போட்டிருந்த டிரான்சிஸ்டரில்.

இரண்டு டிரான்சிஸ்டரின் பேஸ், எமிட்டர் கால்களுக்கு நடுவிலுள்ள வோல்டேஜில் 1 மில்லிவோல்ட் வித்தியாசம் இருந்தால் கரண்டில் ஏறக்குறைய 4 சதவீதம் வித்தியாசம் வரும். 18 மில்லிவோல்ட் என்றால் ஒன்றுக்கு இரண்டாகிவிடும். எமிட்டரில் ஆளுக்கொரு ரெசிஸ்டர் போட்டுச் சரிக்கட்டலாமே என்று கேட்பீர்கள். வாயுவைப் பார்க்கிற முதல் வரிசை சிப்புக்கு அது சரி, அங்கே கரண்ட் ஒரே அளவில் நிற்கும். ஈரத்துக்கான இரண்டாவது வரிசையில் கரண்ட் நூறில் ஒரு பங்கு வரைக்கும் ஏறி இறங்கும், சிறிய கரண்டில் அந்த ரெசிஸ்டரில் விழும் வோல்டேஜே இல்லாமல் போய்விடும், சமன்செய்ய அங்கே ஒன்றும் மிஞ்சாது. ஆக, ஒன்றுபோல இருக்கிற டிரான்சிஸ்டரைத் தேடி எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. பி.என்.பி. வகை டிரான்சிஸ்டரில் (பி.சி. 557) மூன்று மூன்றாகப் பதினாறு செட், என்.பி.என். வகையில் எட்டு ஜோடி.

இதை எந்தக் கடையில் போய்க் கேட்பது? ஆன்லைனில் பாக்கெட்டாக வரும், வந்தது வந்ததுதான். சென்னை ரிச்சி தெருவில் கிடைக்காத பொருள் இல்லை, ஆனால் பாம்பனிலிருந்து ஒரு ராத்திரி ரயில், அங்கே கூட்டத்தில் மீட்டரை விரித்துக்கொண்டு உட்கார இடமும் கிடையாது. பாயிடம் தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். "பி.சி. 557 இருநூறு வேணும் பாய், ஆனா எல்லாத்தையும் அளந்து பார்த்து அறுபதுதான் எடுப்பேன்." அவர் என்னைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார், பெஞ்சில் இருந்த வயர்லெஸ் செட்டை ஒதுக்கி வைத்தார். "எதுக்கு இருநூறு? டப்பாவுல ஐந்நூறு கிடக்கு. உக்காந்து பாரும்மா."

அன்றைக்கு அவர் காட்டிக்கொடுத்த ஒரு விஷயத்துக்காகவே இந்தக் கடையைப் பற்றி எழுதவேண்டும். நான் ஒவ்வொரு டிரான்சிஸ்டரையும் தனித்தனியாக அளந்து 621, 622 என்று எழுதிக்கொண்டிருந்தேன். "அப்படி அளந்தா மீட்டர் ஒரு மில்லிவோல்ட்டுக்குக் கீழ காட்டாதே" என்று ஒரு டிரான்சிஸ்டரை நிலையாகப் பலகையில் குத்தி வைத்தார். பக்கத்தில் ஒரு காலி இடம். இரண்டுக்கும் ஒரே அளவு கரண்ட், மீட்டரின் இரண்டு கம்பியும் இரண்டுக்கும் நடுவில். இப்போது மீட்டர் காட்டுவது வித்தியாசத்தை மட்டும்தான், அதனால் 200 மில்லிவோல்ட் ரேஞ்சில் வைக்கலாம், 0.1 மில்லிவோல்ட் வரைக்கும் தெரியும். அறைச் சூடு ஏறினாலும் இறங்கினாலும் இரண்டும் சேர்ந்தே நகரும். விரலால் எடுத்துக் குத்தினால் மட்டும் முப்பது நாற்பது விநாடி காத்திருக்க வேண்டும், ஏனென்றால் 1 டிகிரி சூடு ஏறினாலே 2 மில்லிவோல்ட் ஓடிவிடும். ஃபேன் காற்றில் மீட்டர் ஆடிக்கொண்டே இருந்தது. ஒரு பழைய தொதல் மிட்டாய் டப்பாவை எடுத்து இரண்டின் மேலும் கவிழ்த்தார், எண் அப்படியே நின்றுவிட்டது.

காலையில் பத்தரைக்கு உட்கார்ந்தவள் அஸர் பாங்கு சொல்லும்போது எழுந்தேன். நடுவில் டீ வந்தது, அவருடைய வீட்டிலிருந்து ஒரு தடவை இடியாப்பம் வந்தது. ஒரு டிரான்சிஸ்டர் இரண்டு ரூபாய் என்று எடுத்ததற்கு மட்டும் காசு வாங்கினார், பெஞ்சில் உட்கார்ந்ததற்கும் பொறுக்கினதற்கும் தனியாக ஒன்றும் கேட்கவில்லை. மீதி டிரான்சிஸ்டர் கெட்டுப்போனது இல்லை, ரேடியோ ரிப்பேருக்கு அது எதுவானாலும் ஒன்றுதான் என்றார். அந்த மிரர் வைத்துக் கட்டிய பலகையில், சென்சாருக்குப் பதிலாகப் பொய் வோல்டேஜ் கொடுத்து எல்லா மாதிரிக்கும் வெளியே தள்ளிப் பார்த்தபோது, இரண்டு முள்ளும் அடியில் போய் உட்கார்ந்தன. அந்த நிமிஷம் எனக்குக் கண் கலங்கிவிட்டது, இதை எழுதுவதில் எனக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை.

முள் என்றேன் இல்லையா, அதுவும் இங்கே வாங்கியதுதான். பழைய டேப் ரெக்கார்டரிலிருந்து கழற்றி வைத்திருந்த லெவல் மீட்டர் இரண்டு. டிஸ்ப்ளே வைத்து எண்ணாகக் காட்டலாம், ஆனால் இரண்டு முள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் அம்மாவுக்கு ஒரு பார்வையில் தெரிகிறது. ஒன்று மேலே ஒன்று கீழே என்றால் தீர்ப்பு. இரண்டும் பாதியில் நின்றால் சந்தேகம். இரண்டும் கீழே கிடந்தால் இந்த மாதிரிப் பெட்டியை இது பார்த்ததில்லை, செவுளைப் பார். செவுளை எப்படியும் பார்க்கத்தான் வேண்டும், இந்தக் கருவியை நம்பி மட்டும் யாரும் மீன் வாங்கக் கூடாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மாதிரிகளைப் பதிந்து வைக்க 16 ப்ரீசெட் (திருகித் திருப்பி வைக்கிற சின்ன ரெசிஸ்டர்) தேவைப்பட்டது. முதலில் நான் கேட்டது திறந்த கார்பன் ப்ரீசெட், விலை குறைவு. பாய் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார். கடல்காற்றில் ஆறு மாசத்தில் கரகரவென்று ஆகி, வைத்த இடத்தில் நிற்காது, மூடி வைத்த செர்மெட் 25 சுற்று ப்ரீசெட்தான் வேண்டும் என்றார். விலை பல மடங்கு. அவர் சொன்னதுதான் சரி. பதியும் முறை இப்படி: நல்ல பெட்டி என்று அம்மா உறுதியாகச் சொன்ன பெட்டியில் சென்சாரை வைத்து, அந்த மாதிரிக்கான ப்ரீசெட்டைத் திருப்பிக்கொண்டே போய் முள் உச்சிக்கு வரும் இடத்தில் விட்டுவிட வேண்டும். "இது மீடியம் வேவ்ல ஸ்டேஷன் புடிக்கிற மாதிரில்ல இருக்கு" என்றார் பாய். அதேதான். ஃப்ராங்க் ரோசன்பிளாட் கட்டிய பழைய நியூரல் நெட்வொர்க் இயந்திரமான மார்க் 1 பெர்செப்ட்ரானில் எடைகள் (எந்த உள்ளீடு எவ்வளவு முக்கியம் என்ற அளவு) எல்லாம் ப்ரீசெட் மாதிரித் திருப்புகிற பொட்டென்ஷியோமீட்டராகவே இருந்தன, கற்றுக்கொள்ளும்போது மோட்டார்கள் அவற்றைத் திருப்பின, பார்ப்பதற்கு 400 ஒளிமின் செல்கள் என்று அவரிடம் சொன்னேன். இந்தத் துறையே ப்ரீசெட் திருப்பித்தான் தொடங்கியிருக்கிறது என்பது அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஈரத்துக்கான சென்சார் யோசனையும் அவருடையதுதான். நான் தேடியது நேராக வோல்டேஜ் கொடுக்கும் ஈரப்பத சென்சார், அது இங்கே கிடைக்கவில்லை, கிடைத்த மலிவானவை எல்லாம் டிஜிட்டல். "ரெண்டு எல்.எம். 35 எடுத்துக்க, ஒண்ணுல ஈரத் துணியைச் சுத்து" என்றார். எல்.எம். 35 என்பது வெப்பநிலை சென்சார், ஒரு டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் கொடுக்கும். ஈரத் துணியில் இருப்பது குளிரும், காற்று எவ்வளவு வறண்டதோ அவ்வளவு குளிரும், இரண்டின் வித்தியாசமே ஈரத்தின் அளவு. கால்களை ஸ்லீவ் போட்டு எபாக்சி வைத்து அடைக்காவிட்டால் தண்ணீர் இறங்கிவிடும், அதை நான் ஒன்று கெட்ட பிறகு கற்றுக்கொண்டேன்.

அடுத்தது இரைச்சல் வேலை. நிகழ்தகவு நெட்வொர்க்கில் இன்னொரு கிளை இருக்கிறது, அதில் நியூரானே பகடை மாதிரி உருளும். 1985-இல் ஆக்லி, ஹிண்டன், செய்னோவ்ஸ்கி எழுதிய போல்ட்ஸ்மன் மெஷின் அந்த வகை. 2024 இயற்பியல் நோபல் ஹாப்ஃபீல்டுக்கும் ஹிண்டனுக்கும் போனபோது எல்லோரும் பேசினார்களே, அந்த வழிதான். இப்போது பர்டியூ பல்கலைக்கழகத்தில் சுப்ரியோ தத்தா குழுவினர் இதை பி-பிட் (நிகழ்தகவு பிட்) என்ற பெயரில் வன்பொருளாகவே செய்கிறார்கள். 2019-இல் ஜப்பானின் தோஹோகு பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, நிலையில்லாமல் புரளும் மிகச் சிறிய காந்த உறுப்புகளில் எட்டு பி-பிட் செய்து, 945 என்ற எண்ணைக் காரணிகளாகப் பிரித்துக் காட்டினார்கள். அந்தக் காந்தம் நமக்குக் கிடைக்காது. ஆனால் தத்துவம் எளிது: இரண்டு வோல்டேஜில் எது பெரிசு என்று சொல்கிற ஒரு கம்பேரட்டரின் ஒரு காலில் இரைச்சல், மறு காலில் மற்ற நியூரான்களிலிருந்து வரும் எடைபோட்ட கூட்டு. கூட்டு பூஜ்யம் என்றால் பாதி நேரம் ஒன்று, பாதி நேரம் பூஜ்யம். கூட்டு ஏறினால் ஒன்று வரும் வாய்ப்பு எஸ் வளைவில் ஏறும்.

இரைச்சலுக்கு பி.சி. 547 டிரான்சிஸ்டரைத் தலைகீழாகப் போடுவேன். பேஸ், எமிட்டர் சந்தியை எதிர்த்திசையில் தள்ளினால் ஏழு எட்டு வோல்ட்டுக்கு மேல் உடைந்து இரைய ஆரம்பிக்கும், 12 வோல்ட் சப்ளையும் ஒரு பெரிய ரெசிஸ்டரும் போதும். சிக்கல், ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி இரையும், சிலது இரையவே இரையாது. எல்லா வாடிக்கையாளரும் சத்தம் வராத டிரான்சிஸ்டர் கேட்பார்கள், நான் இருப்பதிலேயே அதிகம் இரைவது எது என்று கேட்டேன். பாய் காரணம் கேட்கவில்லை. பழைய ஆம்ப்ளிஃபையர் ஒன்றை எடுத்து ஸ்பீக்கரோடு மாட்டி ஒவ்வொன்றாகச் செருகிக் காதாலேயே பார்த்தார். டப் டப் என்று பொரிவதைத் தள்ளிவிட்டார், ஒரே சீராக, வாடைக்காற்று மாதத்தில் ராத்திரி வீட்டுக்குள் கேட்குமே அந்தக் கடல் இரைச்சல் மாதிரி வருவதை மட்டும் எடுத்து வைத்தார். பிறகு வீட்டில் அளந்து பார்த்தபோது அவர் காதில் தேறியவை எல்லாமே பயன்பட்டன. ஒரு எச்சரிக்கையும் சொன்னார்: "தலைகீழா ஓட்டினதைத் திரும்ப டப்பாவுல போட்றாதம்மா." உண்மைதான், அப்படிச் சந்தியை உடைத்த டிரான்சிஸ்டரின் கெயின் (பெருக்கும் திறன்) குறைந்துபோகும், பிறகு வேறு யாருடைய ரேடியோவிலாவது போய் மாட்டினால் பாவம்.

இங்கேதான் ஆன்லைனில் வாங்கி ஏமாந்த கதையும் வருகிறது. எந்தக் கடை என்பது வேண்டாம். டி.எல். 074 என்கிற ஆப்-ஆம்ப் சிப் பத்து வாங்கினேன், இரைச்சலைப் பெருக்க. அதை வைத்து நான் கட்டிய நியூரான் எட்டும் சோம்பேறி மாதிரி நடந்துகொண்டன, ஒன்று என்று வந்தால் தொடர்ந்து ஐந்தாறு தடவை ஒன்றே வரும். அடுத்தடுத்த வீச்சு ஒன்றையொன்று சாராமல் இருந்தால்தான் இது பகடை, இல்லாவிட்டால் கணக்கே தப்பு. பாயிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவரிடம் இருக்கிற பழைய சி.ஆர்.ஓ.வில் (அலையின் வடிவத்தைத் திரையில் காட்டும் கருவி) 20 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையைக் கொடுத்துப் பார்த்தார். வெளியே வந்தது சதுரம் இல்லை, முக்கோணம். "இது 324-ம்மா, மேல எழுதினது மட்டும் 074." இரண்டுக்கும் கால் அமைப்பு ஒன்றே, அதனால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். எல்.எம். 324 ஒரு மைக்ரோ விநாடிக்கு அரை வோல்ட் அளவுதான் ஏறும், உண்மையான டி.எல். 074 பத்து வோல்ட்டுக்கு மேல் ஏறும். அசிட்டோன் தொட்டுத் தேய்த்தால் எழுத்தே வந்துவிட்டது. அவரிடம் இருந்த டி.எல். 074-ஐயும் என் கண் முன்னாலேயே அதே அலையில் போட்டுக் காட்டிவிட்டுத்தான் விற்றார். பலகையில் மாற்றியதும் நியூரான்கள் சுறுசுறுப்பாகிவிட்டன.

உப்புக்காற்றைப் பற்றி அவரை விடத் தெரிந்தவர் இந்தப் பக்கம் யாரும் இருப்பார்களா என்று தெரியவில்லை, விசைப்படகுகளிலிருந்து கழற்றி வருகிற எக்கோ சவுண்டரும் வயர்லெஸும் அவர் கையில்தான் திறக்கப்படுகின்றன. ஐ.சி. பேஸ் (சிப்பைச் செருகுகிற சாக்கெட்) வாங்கும்போது தகடு மாதிரி மெல்லிசாக இருப்பதை வாங்க விடமாட்டார், ரவுண்ட் பின் பேஸ்தான். பலகை முடிந்ததும் ஸ்பிரிட்டில் கழுவி, ஒரு நாள் வெயிலில் காயவைத்து, மோட்டார் வைண்டிங்குக்குப் போடும் வார்னிஷை மெல்லிசாகப் பூசச் சொன்னார். நான் முதல் பலகையில் சோம்பல்பட்டேன். மழை மாதத்தில் அந்தப் பலகையில் இரண்டு தடத்துக்கு நடுவே 100 மெகா ஓம் அளவுக்குக் கசிவு வந்துவிட்டது. 12 வோல்ட்டுக்கு அது 0.12 மைக்ரோ ஆம்பியர், என் மேட்டின் உச்சியே 10 மைக்ரோ ஆம்பியர்தான். பூசிய பலகை அடுத்த மழையில் அசையவில்லை. ப்ரீசெட்டின் திருகு முனையில் மட்டும் வார்னிஷ் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

குறைகளும் இருக்கின்றன, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. ஒரு தடவை பழைய பலகையிலிருந்து கழற்றிய சி.ஏ. 3080 சிப் ஒன்றைப் புதுசோடு சேர்த்துக் கொடுத்துவிட்டார், காலில் சால்டர் ஒட்டியிருந்ததை வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். மறுமுறை கொண்டுபோனதும் பேச்சே இல்லாமல் காசைத் திருப்பிக் கொடுத்தார், ஆனாலும் போய்வந்த பஸ் நேரம் என்னுடையது. டப்பாக்களில் தேதி கிடையாது, எலக்ட்ரோலிடிக் கண்டென்சர் மட்டும் இங்கே வாங்காதீர்கள், எத்தனை வருஷம் காய்ந்ததோ சொல்ல முடியாது. 1 சதவீத ரெசிஸ்டரில் எல்லா மதிப்பும் இருக்காது. சால்டர் கம்பி சுமார்தான், நான் மதுரையிலிருந்து வாங்கி வருகிறேன். எல்.எம். 13700 எப்போதும் இருப்பு இருக்காது, முன்பே சொல்லி வைத்தால் பத்துப் பதினைந்து நாளில் வரவழைத்துத் தருகிறார், எனக்கு ஒன்று 90 ரூபாய் விழுந்தது. பில் கேட்டால் சீட்டில் எழுதித்தான் தருவார், கல்லூரிக் கணக்கில் வாங்குகிறவர்களுக்கு அது உதவாது. போனில் ஆர்டர் எடுப்பதில்லை, கூரியர் இல்லை.

எப்போது போவது என்றால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் போகாதீர்கள், படகெல்லாம் கரையில் நிற்பதால் ரிப்பேர் குவிந்து பெஞ்சில் கை வைக்க இடம் இருக்காது. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு அடைத்தால் மூன்று மணிக்கு மேல்தான் திறப்பார். மற்ற நாட்களில் காலை பத்தரைக்குப் போய்விட்டால் நிதானமாக அளக்கலாம். சொந்த மீட்டரையும் ஒரு சின்ன பிரெட்போர்டையும் கொண்டுபோங்கள். என்ன கட்டப் போகிறீர்கள் என்பதை முழுசாகச் சொல்லுங்கள், பாகத்தின் எண்ணை மட்டும் சொன்னால் அந்த எண்ணை மட்டும்தான் எடுத்துக் கொடுப்பார். வேலையைச் சொன்னால்தான் இது வேண்டாம், அது எடு என்ற பேச்சே வரும். ஐந்துக்கு நாலரை மதிப்பெண் கொடுப்பேன், அரை குறைத்தது கண்டென்சருக்காகவும் சி.ஏ. 3080-க்காகவும்.

அம்மாவின் கருவி இப்போது நல்ல மீன், நாட்பட்ட மீன் என்று இரண்டோடு நிற்கிறது. கருவாட்டுக்கு மூன்றாவது கூட்டம் ஒன்று சேர்க்கவேண்டும், எட்டு சிப் சொல்லி வைத்திருக்கிறேன். அன்றைக்கு நான் அளந்து, எடுக்காமல் விட்ட பி.சி. 557-களை பாய் பழைய டப்பாவில் திரும்பக் கொட்டவில்லை. நான் எழுதிய எண்களின்படியே டேப்பில் ஒட்டித் தனி டப்பாவில் போட்டு, மேலே மார்க்கரில் 'பாம்பன் பிள்ளை' என்று எழுதி வைத்திருக்கிறார். அதில் 0.5 மில்லிவோல்ட்டுக்குள் ஒத்துப்போகிற ஜோடி இன்னும் நிறைய இருக்கிறது. இதே வேலையாக யாராவது போனால் அந்த டப்பாவைக் கேட்டு வாங்குங்கள், கொடுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன்.